சத்தமில்லாத கேனிஸ்டர் ஃபில்டரைத் தேடி நான் பட்ட பாடு

கூடத்திலோ படுக்கையறையிலோ மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கேனிஸ்டர் ஃபில்டருக்கு அவ்வளவு பணம் கொடுப்பதற்கு முக்கியமான காரணம், அது சத்தம் போடாது என்ற நம்பிக்கைதான். நானும் அந்த நம்பிக்கையில்தான் வாங்கினேன். ஆனால் சத்தம் போடாத ஒரு ஃபில்டர் என் வீட்டில் நிலைபெறுவதற்குள் ஏறத்தாழ 10,000 ரூபாய் வீணானது. ஒரு கோடைக்காலத்தின் பெரும்பகுதித் தூக்கம் போனது. குஞ்சிலிருந்து நான் வளர்த்த ஏஞ்சல் மீன்கள் சிலவும் செத்துப்போயின. வாங்குவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும், எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு அப்போது யாரும் இல்லை. இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு அந்தக் குறை இருக்க வேண்டாம் என்பதால், நடந்ததை முறையாக எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது தென்சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. தொட்டி கூடத்தில் இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி அதன் கொள்ளளவு 190 லிட்டர். மணல், கல், மரக்கட்டை ஆகியவையும் மேலே விடும் இடைவெளியும் போக, உள்ளே நிற்கும் தண்ணீர் 160 லிட்டர் அளவில்தான் இருக்கும். அதில் முன்பு, தொட்டியின் மேலேயே வைக்கும் டாப் ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மேலிருந்து சலசலவென்று விழுந்துகொண்டே இருக்கும், எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா எங்களோடு வந்து தங்கி, கூடத்துக் கட்டிலில் படுக்கத் தொடங்கியபோதுதான் அந்தச் சத்தம் ஒரு பிரச்சினையாயிற்று. அவர் எதற்கும் குறை சொல்கிறவர் அல்லர். அவரே ஒரு நாள் காலையில், "ஏம்ப்பா, ராத்திரிக்கு மட்டும் இந்தத் தண்ணியக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியாதா?" என்று கேட்டபோது, கேனிஸ்டருக்கு மாறுவது என்று முடிவு செய்தேன்.

கேனிஸ்டர் என்பது தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டின் அலமாரிக்குள் வைக்கப்படும் மூடிய ஒரு டப்பா. தொட்டியிலிருந்து தண்ணீர் சைஃபன் முறையில் தானாகவே கீழே இறங்கி, ஸ்பாஞ்சு, செராமிக் வளையங்கள் ஆகியவற்றின் வழியாகச் சென்று, தலைப்பகுதியில் உள்ள பம்ப் மூலம் மேலே திரும்புகிறது. குழாய் முழுவதும் தண்ணீர் நிறைந்திருப்பதால், இறங்கும் நீரின் எடை ஏறும் நீரின் எடையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது; குழாயிலும் ஸ்பாஞ்சிலும் ஏற்படும் உராய்வை மட்டும் பம்ப் வென்றால் போதும். ஆகவே சிறிய மோட்டாரே போதுமானது, மூடிய டப்பாவாகவும் இருக்கிறது, எனவே சத்தம் வராது என்பதுதான் எல்லாரும் சொல்லும் விளக்கம். அந்த விளக்கத்தில் தவறு ஏதும் இல்லை. ஆனால் சத்தம் எங்கெங்கிருந்து பிறக்கும் என்பதை அது சொல்வதில்லை.

சென்னை கொளத்தூரில் வரிசையாக இருக்கும் வண்ணமீன் கடைகளில் விசாரித்தபோது, எல்லா இடங்களிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி தொட்டியின் அளவு மட்டுமே. தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன் என்று நானாகச் சொன்னபோதும், "கேனிஸ்டர்னாலே சத்தம் இருக்காது சார்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. மணிக்கு 1,500 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த ஒன்றை, தொட்டியின் அளவைப் போல எட்டு, பத்து மடங்கு சுழற்சி நல்லது என்று சொல்லி எனக்குக் கொடுத்தார்கள். விலை 6,500 ரூபாய். பெட்டியில் உள்ள அந்த எண், உள்ளே எதையும் நிரப்பாமல், உயரம் ஏற்றாமல் அளந்த எண் என்பதையும், நிரப்பி ஓட்டும்போது ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஏஞ்சல் மீன் அமைதியான நீரில் வாழும் மீன், அதற்கு அத்தனை வேகமே தேவையில்லை. தேவையில்லாத வேகத்துக்காக வாங்கும் பெரிய மோட்டார்தான் இரவில் சத்தமாகக் கேட்கிறது. மீனுக்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதைத் தரக்கூடிய ஃபில்டர்களில் குறைந்த வாட் கொண்டதைப் பார்ப்பதே சரியான வரிசை. வாட் குறைந்தால் கரண்ட் பில் குறையும். சென்னையின் மே மாதத்தில் தண்ணீரில் சேரும் சூடும் அந்த அளவுக்குக் குறையும்.

மாட்டிய அன்று பகலில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மின்விசிறி, தொலைக்காட்சி, தெருவில் போகும் வண்டிகள் எல்லாம் சேர்ந்து அதை மறைத்துவிட்டன. இரவு பதினோரு மணிக்கு மேல் வீடு அடங்கிய பிறகுதான் கேட்கத் தொடங்கியது. உறுமலோடு கலந்து ஒரு கரகரப்பும், நடுநடுவே மணலை வாரி இறைப்பது போன்ற ஒரு ஓசையும் வந்தன. கடையில் கேட்டபோது, "புதுசுன்னா அப்படித்தான் சார் இருக்கும், போகப் போக செட் ஆயிடும்" என்றார்கள். அதில் பாதி உண்மை. புதிய கேனிஸ்டருக்குள் காற்று தங்கியிருக்கும். அந்தக் காற்றுக் குமிழிகள், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பகுதியான இம்பெல்லரில் அடிபட்டு நொறுங்கும்போதுதான் மணல் இறைப்பது போன்ற ஓசை வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கேனிஸ்டரை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்தால், உள்ளே சிக்கியிருக்கும் குமிழிகள் கொப்புளித்துக்கொண்டு தொட்டிக்குள் வெளியேறுவதைக் கண்ணால் காணலாம். எனக்கும் அந்த ஓசை சில நாட்களில் நின்றுவிட்டது. நிற்காமல் திரும்பத் திரும்ப வந்தால், காற்று எங்கிருந்தோ புகுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மூடியின் இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் சரியாகப் பதியாமல் இருக்கலாம், தொட்டிக்குள் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் உறிஞ்சுகுழாய்க்குப் பக்கத்தில் இருக்கலாம், அல்லது ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டு பம்புக்குத் தண்ணீர் போதாமல் இருக்கலாம். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால், தொட்டிக்குத் திரும்பும் குழாயின் வால்வைத்தான் குறைக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தை நெருக்கினால் பம்ப் தண்ணீருக்குத் தவித்து, கரகரப்பு இன்னும் அதிகமாகும்.

காற்று போன பிறகும் இரண்டு சத்தங்கள் எஞ்சின. ஒன்று கரகரப்பு, மற்றொன்று உறுமல். இவை இரண்டும் வேறுவேறு இடங்களில் பிறப்பவை என்பதைப் பிரித்தறியத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. இருசக்கர வாகன மெக்கானிக்குகள் செய்வதைப் போல, நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை ஃபில்டரின் தலைப்பகுதியில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டேன். தலையின் மையத்தில் வைத்தபோது டரடரவென்ற சன்னமான அதிர்வு தெளிவாகக் கேட்டது. விளிம்புக்கு நகர்த்தியபோது அது மங்கியது. கரண்டை நிறுத்தி, தலையைக் கழற்றி, இம்பெல்லரை வெளியே எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் அளவுள்ள ஒரு காந்த உருளை, அதன் நுனியில் சிறு இறக்கைகள், நடுவில் ஒரு தண்டு, தண்டின் இரு முனைகளிலும் ரப்பர் குமிழ்கள் என்பது அதன் அமைப்பு. இரு துருவ மோட்டாராக இருந்தால், நம்முடைய 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த உருளை நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும். தண்டு மயிரிழை ஆடினாலும், ஒவ்வொரு சுற்றிலும் அது சுவரைத் தட்டும். என்னுடையதில் தண்டு உலோகம், துளையோ தளர்வானது. விரலால் அசைத்தால் உருளை கிடுகிடுவென்று ஆடியது. ஒரு முனையின் ரப்பர் குமிழ் பிளந்திருந்தது. மாற்றிக் கொடுங்கள் என்று கடையில் கேட்டதற்கு, அந்த மாடலுக்கு உதிரி பாகம் வருவதில்லை, முழுத் தலையையே வாங்க வேண்டும் என்றார்கள். அதற்கு ஃபில்டர் விலையில் பாதிக்கு மேல் ஆகும்.

உறுமலின் கதை வேறு. மோட்டார் தன் அதிர்வைத் தரைக்கும் மரத்துக்கும் கொடுக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் அளவில், தாழ்ந்த ஸ்தாயியில் எழும். இத்தகைய ஒலியைத் தெர்மோகோலும் பஞ்சும் தடுப்பதில்லை. இதை யாரும் சொல்லாததால், அலமாரியின் உட்புறம் முழுவதும் ஃபோம் ஒட்டி, தச்சரை அழைத்து இடைவெளியில்லாமல் புதிய கதவும் போட்டேன். அந்த வகையில் 2,500 ரூபாய் செலவாயிற்று. உறுமல் அப்படியே இருந்தது. செல்போனில் டெசிபல் காட்டும் செயலியைப் பார்த்தால் எண் சிறியதாகவே இருந்தது. அந்தச் செயலிகள் பொதுவாகத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே காட்டும் என்பதால், அந்த எண்ணை வைத்து நாம் எதையும் முடிவு செய்யக் கூடாது. கடைசியில் ஒரு நாள் இரவு, எரிச்சலோடு ஃபில்டரை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபோது, கூடத்தில் சத்தம் சட்டென்று அடங்கியது. கீழே வைத்ததும் மறுபடி எழுந்தது. உறுமிக்கொண்டிருந்தது அலமாரியின் அடிப்பலகை! அந்த 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, தபேலாவின் தோலைப் போல அதிர்ந்து மோட்டாரின் ஒலியைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அடியில் கனமான ரப்பர் மேட்டை மடித்து வைத்து, பின்பலகையில் உரசிக்கொண்டிருந்த ஹோஸை விலக்கிக் கட்டியதும், உறுமலில் பெரும்பகுதி போய்விட்டது. அந்த மேட்டின் விலை 200 ரூபாய்கூட இல்லை.

இதற்கிடையில் நடந்த ஒன்றுதான் என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியாதது. கரகரப்பு தீராத நாட்களில் அப்பாவின் தூக்கத்தைச் சொல்லிக் கடையில் முறையிட்டபோது, "ராத்திரி ஆஃப் பண்ணிட்டு, காலைல போட்டுக்குங்க சார், மீனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று யோசனை சொன்னார்கள். அதன்படியே செய்தோம். டாப் ஃபில்டரை அணைத்தால் அதன் ஸ்பாஞ்சு காற்றுப் பட்டபடி ஈரமாகவே இருக்கும். கேனிஸ்டர் அப்படியன்று, முழுவதும் மூடியது. ஓட்டம் நின்றதும் உள்ளிருக்கும் தண்ணீரின் ஆக்ஸிஜனை அங்குள்ள பாக்டீரியாக்களே சில மணி நேரத்தில் தீர்த்துவிடுகின்றன. பிறகு, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாக்கள் நலிந்து, ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் வேறு வகை பெருகி, அழுகிய முட்டை நாற்றம் உண்டாகிறது. காலையில் சுவிட்சைப் போட்டால் அந்தத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் போகும். எங்கள் பகுதி போர்த் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, கோடையில் தொட்டி நீரும் சூடாக இருக்கும். இவை இரண்டும் அம்மோனியாவின் நச்சுத்தன்மையைக் கூட்டுபவை. ஏஞ்சல்கள் முதலில் தீனி எடுக்காமல் மூலையில் நின்றன. பிறகு மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாகச் செத்தன. பொத்தான் அளவில் வாங்கி வந்து, உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்த மீன்கள் அவை. தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று அப்பா மனம் வருந்தியதைப் பார்க்க எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

எனவே யார் என்ன சொன்னாலும் கேனிஸ்டரை இரவில் அணைக்காதீர்கள். மின்வெட்டு பல மணி நேரம் நீடித்துவிட்டால், மீண்டும் ஓடவிடுவதற்கு முன் டப்பாவைத் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சையும் வளையங்களையும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசி வையுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் மிஞ்சியிருக்கும் பாக்டீரியாவும் போய்விடும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் வகை இன்வெர்ட்டரில் மின்விசிறி உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். ஃபில்டர் மோட்டாரும் அதேபோல உறுமும். அதை ஃபில்டரின் பழுது என்று எண்ணிக் கழற்ற வேண்டாம். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது ஃபில்டரை வாங்கும்போது பெட்டியின் முகப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். முதலில் கேட்டது, தண்டு எதனால் ஆனது என்பது. வழவழப்பான செராமிக் தண்டு உலோகத்தைவிட அமைதியாக ஓடுகிறது, துருப்பிடிப்பதும் இல்லை. ஆனால் கீழே விழுந்தால் முறிந்துவிடும். அடுத்து, இம்பெல்லர், தண்டு, ரப்பர் குமிழ், ஓ-ரிங் ஆகியவை தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும் என்று வாயால் சொன்னால் போதாது, எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, ஒரு வாளித் தண்ணீரில் ஓடவிடச் சொல்லித் தலையில் கை வைத்துப் பார்த்தேன். கடையில் நூறு ஏர் பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும், காதால் கேட்டு எதையும் அறிய முடியாது. விரல் நுனிகள் பொய் சொல்வதில்லை. சீரான மெல்லிய அதிர்வு என்றால் சரி. டரடரவென்று விட்டுவிட்டு வந்தால் வேறொன்றை எடுக்கச் சொல்லலாம்.

அப்படித் தேடியதில் ஜெர்மனியின் எஹைம் நிறுவனத்தின் கிளாசிக் வரிசைக்கு வந்து சேர்ந்தேன். அதில் சிறிய 250 என்ற மாடலுக்கு மணிக்கு 440 லிட்டர், 8 வாட். 350 என்பதற்கு 620 லிட்டர், 15 வாட். பெரிய 600 என்பதற்கு 1,000 லிட்டர், 20 வாட். என்னுடைய 160 லிட்டர் தண்ணீருக்கும் ஏஞ்சல்களின் சுபாவத்துக்கும் 350 போதுமானதாக இருந்தது. முதல் ஃபில்டரின் விலையைவிட இரு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதில் வசதிகள் குறைவு. பொத்தானை அழுத்தித் தண்ணீரை இறக்கும் அமைப்பு கிடையாது, நாமே குழாயை உறிஞ்சித்தான் சைஃபனைத் தொடங்க வேண்டும். சுத்தம் செய்யத் திறப்பதும் சற்றுச் சிரமம். அந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்கள், தண்ணீரை இறக்கக் கைப்பிடி கொண்ட ஃப்ளூவல் 07 வரிசையையோ, முன்வடிகட்டியை மட்டும் தனியே உருவிக் கழுவக்கூடிய ஓஸே பயோமாஸ்டரையோ பார்க்கலாம். கேனிஸ்டர் முழுவதையும் திறப்பது குறையக் குறைய, ஓ-ரிங் நகர்ந்து காற்றுப் புகும் வாய்ப்பும் குறைகிறது என்பது இவற்றில் எனக்குப் பிடித்த அம்சம். இரவில் யாரும் படுக்காத இடத்தில் தொட்டி இருந்தால் இவ்வளவு செலவு செய்யத் தேவையே இல்லை. நல்ல தண்டும் உதிரி பாகமும் உள்ள குறைந்த விலைக் கேனிஸ்டர் ஒன்றை ரப்பர் மேட்டின் மேல் வைத்தாலே போதும்.

புதிய ஃபில்டரை மாட்டிய இரவில் அப்பா, "இது ஓடுதா, இல்ல நின்னுடுச்சா?" என்று எழுந்து வந்து, தண்ணீர் அசைவதைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தார். ஆனாலும் சில மாதங்களுக்குப் பிறகு மெல்லிய கரகரப்பு ஒன்று தலைகாட்டியது. திறந்து பார்த்தால், தண்டின் மேலும் காந்த உருளையின் மேலும் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது; நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்புத் தூள் போல உதிர்ந்தது. குடத்திலும் கீசரிலும் படியும் அதே போர்த் தண்ணீர் உப்புதான். ஸ்பாஞ்சும் வளையங்களும் இல்லாமல், இம்பெல்லரையும் தண்டையும் மட்டும் வெள்ளை வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசி மாட்டியதும் சத்தம் நின்றது. உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் இதை மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் செய்துவர வேண்டும். படிவு கெட்டியானால் துளை தேய்ந்து, பிறகு எந்த வினிகராலும் பயன் இருக்காது.

தண்ணீர் திரும்பி விழும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஸ்ப்ரே பார் எனப்படும் துளைக் குழாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, துளைகள் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி வைத்தால், மேற்பரப்பு அலைந்து ஆக்ஸிஜன் சேரும், சலசலப்பு இருக்காது. கோடையில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும்போது துளைகள் வெளியே வந்து சத்தம் தொடங்கும். அப்போது ஃபில்டரைச் சந்தேகிக்காமல் தண்ணீரை நிரப்பினால் போதும்.

இம்பெல்லர் ஒன்றையும் ஓ-ரிங் ஒன்றையும் ஃபில்டரோடு சேர்த்தே வாங்கி வைத்துவிடுங்கள். கடையில் அந்த மாடல் எப்போது நின்றுபோகும் என்பது யாருக்கும் தெரியாது, இம்பெல்லர் முறிவதும் நமக்குச் சொல்லிவிட்டு நடப்பதில்லை. ஓ-ரிங்கில் தடவ வாஸ்லின் வேண்டாம், சில வகை ரப்பரை அது ஊதவைத்துக் கெடுத்துவிடும். சிலிக்கான் கிரீஸ் சிறிய டப்பா ஒன்று வாங்கினால் பல ஆண்டுகளுக்கு வரும்.